ஒட்டடை இல்லாத வீடு

நான் எந்த நாற்காலியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டேனோ, அந்த நாற்காலி தேறாது என்று ஒதுக்கியதும் நான்தான். நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக எனக்கு இதே வேலை. செய்து முடித்த நாற்காலியை நாலு மூலையிலும் அழுத்திப் பார்க்க வேண்டும், முதுகைப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும், கவிழ்த்துப் போட்டுக் கால் நுனியைப் பார்க்க வேண்டும். தேறாததன் அடியில் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டு ஓரம் கட்டிவிடுவேன். அங்கே எனக்குக் ‘கழிச்சுக்கட்டி’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. நான் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுபோவதை வைத்து நானே தெரிந்துகொண்டேன்.

அப்படிக் கழித்ததில் ஒன்று பார்க்க லட்சணமாக இருந்தது. மேலாளரிடம் கேட்டு வீட்டுக்கு எடுத்து வந்தேன். அடியில் என் கையால் போட்ட குறி பளிச்சென்று இருக்க, அதன் மேலேயே ஏறி நின்று பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். மிச்சத்தை ஆஸ்பத்திரியில் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. இடது கணுக்காலுக்கு மேலே முறிவு. முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு. ஆறு வாரத்துக்கு அந்தக் கால் தரையில் படக்கூடாது.

ஆஸ்பத்திரியில் இரவல் தரும் வாக்கர் அத்தனையும் வெளியே போயிருந்தன. கக்கத்தில் இடுக்கும் கட்டைகளைக் கொடுத்து நடக்கச் சொன்னார்கள். மூன்றாவது எட்டில் ஒரு நர்ஸையும் சேர்த்துக்கொண்டு சாய்ந்தேன். கடையில் ஒரு வாக்கர் வாங்கிவிடலாம் என்று சொன்னேன். என் கணவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “ஆறு வாரத்துக்குப் போய் எதுக்கு வாங்கணும்? வீட்ல இருக்கிற சாமானை வச்சே நான் செஞ்சு தர்றேன்” என்றார். சமையலறைக் குழாய் ஒழுகுவதை ஏழு மாதமாக நாளைக்குப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும் மனிதர் இவர்.

மறுநாள் காலையில் இவருடைய அக்கா வந்து இறங்கினார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் விளையாட்டு டீச்சராக இருந்தவர். ஓய்வு பெற்று நாலு வருடமாகியும் கழுத்தில் விசில் தொங்குகிறது. உனக்கு ஒத்தாசைக்கு வந்தேன் என்றார். சந்தோஷம். ஆனால் கூடவே இரண்டு பெட்டி, ஒரு தலையணை, அவர் வீட்டுச் சுவர்க்கடிகாரம். ஒத்தாசைக்கு வருகிறவர்கள் சுவரிலிருந்து கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டா வருவார்கள்? அதை எங்கள் கடிகாரத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொன்னார். இரண்டுக்கும் மூன்று நிமிஷ வித்தியாசம். எது சரி என்பதில் அன்று சாயங்காலமே எனக்கும் நாத்தனாருக்கும் முட்டிக்கொண்டது.

நான் படுக்கையில் கிடக்க, வெளியே என் வீடு என் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. சுவரோரம் கிடந்த சோபாவைக் கூடத்தின் நட்டநடுவில் இழுத்துப் போட வைத்தார். செருப்பு அலமாரி குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் வந்தது. தண்ணீர் டிரம் நடைவழியில் குத்த வைத்து உட்கார்ந்துகொண்டது. சமையலறையில் மேல்தட்டு, கீழ்தட்டு எல்லாம் காலி. அத்தனை டப்பாவும் மேடை மேலே அணிவகுத்து நின்றன. ஒரு டம்ளர் வைக்க இடமில்லை. “ஏன் அண்ணி இப்படி?” என்று கேட்டால், “எதுவும் கைக்கு எட்டற மாதிரி இருக்கணும்மா. அதுதான் ஒழுங்கு” என்பார். இவரிடம் புகார் சொன்னால், “அக்கா செஞ்சா காரணம் இருக்கும்” என்பார். அக்கா காலால் இட்ட வேலையைத் தலையால் செய்கிற தம்பி.

இதற்கெல்லாம் மேலே அந்த ஒட்டடைக் கம்பு. காலையில் எழுந்ததிலிருந்து நாத்தனார் கையில் அதுதான். குஞ்சம் மேலே, அடிக்கட்டை கீழே, முகம் கூரையைப் பார்த்தபடி. டீ கொண்டு வரும்போதுகூட ஒரு கையில் டம்ளர், இன்னொரு கையில் கம்பு. “அந்த மூலைல ஒண்ணு தெரியுது பாரு” என்று சொல்லிக்கொண்டே அறைக்குள் வருவார், அங்கே ஒன்றும் இருக்காது, அப்படியே போவார். முதல் வாரத்திலேயே எங்கள் வீட்டுச் சிலந்திகள் குடும்பத்தோடு காலி பண்ணிப் போய்விட்டன. அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. என் குடித்தனம் அழுக்குப் பிடித்தது என்று ஊருக்கே காட்டுகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இவர் வேலைக்குப் போனதும் என்னைக் குளியலறைக்குக் கொண்டுபோனதெல்லாம் நாத்தனார்தான். தோள் மட்டும் கொடுக்க மாட்டார். “தோள் குடுத்தா அதுவே பழகிடும்” என்பார். வெளியூரில் இருக்கும் எங்கள் மகள் விட்டுப் போன, காலில் சக்கரம் வைத்த நாற்காலி ஒன்று கணினி மேசைக்கு முன்னால் இருந்தது. அதில் என்னை உட்கார வைத்து, முதுகைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போவார். அந்த வேலை என்றால் மட்டும் அவருக்கு அப்படி ஓர் உற்சாகம். எனக்குத் தேவையில்லாத நேரத்திலும், “வா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்” என்று கூப்பிடுவார்.

இரண்டாவது வாரம் நான் வாயை விட்டுவிட்டேன். “அண்ணி, எப்போ வீட்டுக்குப் போறதா உத்தேசம்?”

நாத்தனார் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “நீ இந்த ரூம்லேர்ந்து வாசக்கதவு வரைக்கும் போகணும். யார் கையையும் பிடிக்கக் கூடாது. திரும்பி வரணும். அன்னிக்கே நான் கிளம்பிடறேன். போதுமா?”

“போதும்” என்றேன். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. என் வீடு எனக்குத் திரும்ப வேண்டும் என்றால் போக இருபத்திரண்டு எட்டு, வர இருபத்திரண்டு எட்டு. அதுவும் ஒற்றைக் காலில்.

இவர் களத்தில் இறங்கினார். முதலில் கையில் சிக்கியது இஸ்திரி மேசை. இடுப்பு உயரம் இருக்கிறது, பிடித்துக்கொள்ள வாகாக இருக்கிறது, பழைய பெட்டியின் சக்கரத்தைக் காலில் கட்டினால் வாக்கர்தான் என்றார். கட்டினார். நான் அதைப் பிடித்து எழுந்து நின்று ஒரு தள்ளு தள்ளினேன். இஸ்திரி மேசை காலம் காலமாக என்ன செய்யுமோ அதையே செய்தது. மடங்கியது. இஸ்திரி போட வைத்த துணி மாதிரி நான் அதன் மேல் பரப்பிக்கொண்டு கிடந்தேன். நல்ல வேளை, மாவுக்கட்டு கட்டிலின் மேலேயே தங்கிவிட்டது.

அடுத்ததை யோசிக்க இவருக்கு ஒரு வாரம் பிடித்தது. இவர் பஸ் கண்டக்டர். இருபத்தாறு வருடமாக, நிற்க முடியாத மனிதர்கள் மேலே இருப்பதைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தே பழகியவர். ஆகவே நடக்க உதவும் எதுவும் கீழேயிருந்து வரும் என்று இவருக்குத் தோன்றவே இல்லை. என் அறையிலிருந்து வாசல் வரை கூரையில் கொக்கி அடித்து, துணி காயப்போடும் நைலான் கயிற்றை இழுத்துக் கட்டி, வீட்டிலிருந்த பழைய பெல்ட்டுகளையெல்லாம் வளையமாக்கித் தொங்கவிட்டார். மொத்தம் ஒன்பது. இரண்டு என் கைப்பையின் வார்கள். அதை எனக்குச் சொல்லவில்லை.

“ஒண்ணை விட்டு ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு வந்துகிட்டே இரு. அவ்வளவுதான்” என்றார்.

வெள்ளோட்டத்தைப் பார்க்க நாத்தனார் சோபாவின் முதுகில் சாய்ந்து நின்றார். அவர் கழுத்தில் ஒரு விசில். கண்டக்டரின் சட்டைப் பையில் ஒரு விசில். ஒரு வீட்டில் ஒன்றுக்கு மேல் விசில் இருக்கக்கூடாது என்பதை நான் அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

முதல் வளையத்தில் நான் தொங்கியதும் நாத்தனார் நீளமாக ஒரு விசில் ஊதினார். அவர் ஊரில் ஒரு விசில் என்றால் ஓடு. நானோ கண்டக்டருக்கு வாழ்க்கைப்பட்டவள். ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும். நின்றேன், ஒற்றைக் காலைத் தூக்கியபடி. நான் நகராததைப் பார்த்து நாத்தனார் மறுபடி ஊதினார். இரண்டு விசில் ஆகிவிட்டதா, சரி, போகலாம் போலிருக்கிறது என்று நான் அடுத்த வளையத்துக்குத் தாவினேன். கயிறு தொய்வதைப் பார்த்த இவர் பதறிப்போய், நிற்கச் சொல்லி ஒரு விசில் ஊதினார். அதைக் கேட்ட நாத்தனார், தம்பியும் ஓடச் சொல்கிறான் என்று நினைத்து, உற்சாகமாகக் கைதட்டினார். நான் நின்றேன், போனேன், நின்றேன். மூன்றாவதும் நாலாவதும் வளையத்துக்கு நடுவில், ஒரு கை முன்னேயும் ஒரு கை பின்னேயுமாகத் தொங்கிக்கொண்டு, பஸ்ஸில் சீட்டே கிடைக்காத ஜன்மம் மாதிரி ஆடிக்கொண்டிருந்தேன்.

“ரெண்டு பேரும் அந்த விசிலை முழுங்கித் தொலைங்க” என்று கத்தினேன். இவர் ஓடி வந்து என்னைத் தாங்கினார். நாத்தனார் வரவில்லை. சோபாவைப் பிடித்த கையை எடுக்காமல், “கால் வீசி நடக்கணும். இடுப்பை விட்டுட்டே” என்று அங்கிருந்தே குறை சொன்னார். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் மாவுக்கட்டே விரிசல் விட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு வேலையை நானே எடுத்துக்கொண்டேன். நாற்காலிகளோடு குப்பை கொட்டியவளுக்கு நாற்காலி கை கொடுக்காதா? எங்கள் பால்கனியில் இரும்புக்குழாயில் செய்த பழைய கைநாற்காலி ஒன்று கிடந்தது. நல்ல சாதி. நாலு மூலையிலும் அழுத்தினால் அசையாது. உட்காரும் பலகையை இவரைக் கழற்றச் சொன்னேன். முன்னங்கால் இரண்டையும் சேர்க்கிற குறுக்குக் குழாயை ரம்பத்தால் அறுத்து எடுக்கச் சொன்னேன். இப்போது நாற்காலிக்குள்ளேயே போய் நிற்கலாம். நின்று பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் கை இருக்கிறது. உயரம்தான் போதாது. கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ அங்கே பிடி இருக்க வேண்டும். மீந்து கிடந்த தண்ணீர்க் குழாயில் நாலு துண்டு வெட்டி, நாற்காலிக் கால்களில் மாட்டி, திருகாணி போட்டு முடுக்கச் செய்தேன். அடியில் ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டி ஒட்டினோம். தரையில் வைத்தால் சத்தமே வரவில்லை.

இதெல்லாம் நாத்தனார் குளிக்கப் போகும் நேரத்திலும் மத்தியானம் கண்ணயரும் நேரத்திலும் நடந்தது. அவருக்குத் தெரியாமல் நடந்து பழகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கண்ணில் விரலை விட்டு ஆட்ட வேண்டும் என்பது என் திட்டம். மாவுக்கட்டு போட்டு ஐந்தாவது வாரம். முதலில் கட்டிலைச் சுற்றினேன். பிறகு கதவு வரை போனேன். ஒரு வியாழக்கிழமை இவர் வேலைக்குப் போயிருக்க, நாத்தனார் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்ட சத்தம் கேட்டதும், நாற்காலியை முன்னே வைத்து, தத்தி, முன்னே வைத்து, தத்தி, முதல்முறையாக நானே கூடத்துக்கு வந்தேன்.

கூடத்தின் நடுவில் அந்த சோபா. எனக்கு முதலில் அதை எட்டி உதைக்க வேண்டும் போலிருந்தது, ஆனால் உதைக்கக் கால் இல்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். சோபாவின் முதுகில், மேல் விளிம்பில், ஓர் உள்ளங்கை அளவுக்குத் துணி கறுத்திருந்தது. மற்ற இடமெல்லாம் சுத்தம். அங்கிருந்து மூன்று எட்டில் தண்ணீர் டிரம். அதன் மூடியில் ஒரே ஓரம் மட்டும் பளபளவென்று இருந்தது. அங்கிருந்து இரண்டரை எட்டில் செருப்பு அலமாரி. அதிலும் ஒரு மூலை வழவழவென்று தேய்ந்திருந்தது. எந்தச் சாமானிலிருந்து கையை எடுத்தாலும், இன்னொரு கை அடுத்ததைத் தொட்டுவிடலாம். ஒழுங்கு ஒழுங்கு என்று அவர் சொன்னது பொய்யில்லை. ஒழுங்காகத்தான் வைத்திருக்கிறார்.

குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டடைக் கம்பு சாய்ந்திருந்தது. கையில் எது கிடைத்தாலும் கவிழ்த்து அடியைப் பார்ப்பது என் புத்தி. கவிழ்த்தேன். குஞ்சம் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. ஒரு மயிர்கூட வளையவில்லை. அடிக்கட்டையில் இருந்த பிளாஸ்டிக் மூடியோ ஒரே பக்கமாகச் சரிந்து தேய்ந்து, ஓர் இடத்தில் கட்டையே வெளியே எட்டிப் பார்த்தது. இப்படித் தேய வேண்டுமென்றால் ஓர் ஆளின் பாரம் அதில் நாள் முழுவதும் சாய்வாக இறங்கியிருக்க வேண்டும். பதினெட்டு வருடம் கால் நுனி பார்த்தவளை இதில் யாரும் ஏமாற்ற முடியாது.

எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. தோள் கொடுக்காதது, விழப்போனபோது ஓடி வராதது, மேல்தட்டும் கீழ்தட்டும் காலியானது. சக்கர நாற்காலியில் வைத்து என்னை ஊர்வலம் விட்டதும் அதற்குத்தான். அது அவருக்கு வாக்கர். நான் அது கவிழாமல் இருக்க வைத்த பாரம்.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. தாழ் விலகியது. கதவு ஒரு சாண் திறந்து, ஈரமான கை ஒன்று வெளியே வந்து, கம்பு இருந்த இடத்தைத் தடவியது. கம்பு என்னிடம் இருந்தது. கை சுவரைத் தடவியது, கதவு நிலையைத் தடவியது, இன்னும் கீழே தடவியது. மெதுவாகக் கம்பை அதற்கு அடியில் சாய்த்து வைத்தேன். கை அதைப் பற்றிக்கொண்டது. ரப்பர் செருப்பின் புண்ணியத்தில் சத்தமில்லாமல் என் கட்டிலுக்குத் திரும்பினேன்.

நான் நல்லவள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அடுத்த மூன்று நாளும் என் மனசு என்னென்னவோ கணக்குப் போட்டது. இந்தக் குட்டை உடைத்தால் ஒரே வார்த்தையில் அவர் வாயை அடைத்துவிடலாம். என் அழுக்குக் குடித்தனத்தைப் பற்றி இனி மூச்சு விட மாட்டார். அதே நேரம், அவர் வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது, அங்கே லிஃப்ட் கிடையாது என்பதும் நினைவுக்கு வந்து வந்து போயிற்று. இவரிடம் சொல்லலாமா என்று பார்த்தேன். இருபத்தாறு வருடமாக டிக்கெட்டுக்கு நீளும் கைகளை மட்டுமே பார்த்த மனிதர். சொந்த அக்கா நொண்டுவது ஐந்து வாரமாக இவர் கண்ணில் படவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரட்டும், அவராகச் சொல்கிறாரா பார்க்கலாம் என்று இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் நடக்க வழி வேண்டும் என்று சொல்லி, சோபா, டிரம், அலமாரி மூன்றையும் பழைய இடத்துக்கே இவரைத் தள்ள வைத்தேன். கூடம் காலியாகிவிட்டது. நாத்தனார் கம்போடு வந்து அந்த வெற்றுத் தரையைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கம்பை மட்டும் இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் ஊன்றிக்கொண்டார்.

“அண்ணி, பாருங்க” என்று சொல்லி என் நாற்காலியை இறக்கினேன். போக இருபத்திரண்டு நினைத்தேன், தத்தலில் முப்பத்தொன்று ஆயிற்று. வாசல் கதவைத் தொட்டேன். திரும்பினேன். யார் கையையும் பிடிக்கவில்லை. இவர் விசிலை எடுத்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார். வேர்த்துக் கொட்டியபடி என் அறை வாசலில் வந்து நின்றேன். நாத்தனார் நாற்காலியை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீயா செஞ்சே?”

“நான் சொன்னேன், அவரு செஞ்சாரு.”

“நல்லா வந்திருக்கு” என்றார். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. பிறகு தம்பியின் பக்கம் திரும்பி, “அந்தக் கடிகாரத்தை எறக்குடா. நான் சொன்னா சொன்னதுதான்” என்றார்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பெட்டியை அடுக்கினார். நானும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அரை மணி நேரத்தில் இவர் பெட்டிகளை வாசலில் கொண்டுபோய் வைத்தார். நாத்தனார் தலையணையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, இன்னொரு கையில் கம்போடு வெளியே வந்தார். “என் வீட்லயும் இத்தனை நாள்ல ஒட்டடை மண்டியிருக்கும். இதை நான் எடுத்துட்டுப் போறேன்” என்றார்.

“தாராளமா எடுத்துக்கக்கா” என்றார் தம்பி.

“வேண்டாம்” என்றேன். “அது எங்க வீட்டுது. வச்சுட்டுப் போங்க.”

இவர் என்னைப் பார்த்த பார்வையை நான் கல்யாணம் ஆனதிலிருந்து பார்த்ததில்லை. “ஏய், ஒரு ஒட்டடைக் கம்புக்கா?” என்றார். கம்பு இல்லாவிட்டால் அவராகவே வாயைத் திறப்பார் என்று நினைத்தேன். நாத்தனார் என்னையே பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அப்போதும் அவர் சொல்லவில்லை. கம்பைச் சுவரில் சாய்த்து வைத்தார். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, காலி கூடத்தில் முதல் எட்டை எடுத்து வைத்தார். உதடு வெளுத்துப்போனது. இரண்டாவது எட்டில் வலது முழங்கால் மடிந்தது.

என் நாற்காலியை அவர் முன்னால் தள்ளிவிட்டேன். யோசித்துச் செய்ததில்லை. தலையணை கீழே விழ, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார். நான் ஒற்றைக் காலில் கதவு நிலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு பெண்களுக்கும் சேர்த்து இரண்டே நல்ல கால்கள், ஒரே வாக்கர்.

“என்னக்கா ஆச்சு?” என்று ஓடி வந்தார் இவர்.

“முட்டி” என்றார் நாத்தனார், தரையைப் பார்த்துக்கொண்டு. “ரெண்டு வருஷமாச்சு. இப்ப மாடிப்படி ஏற முடியல.”

“ஏன்க்கா சொல்லவே இல்ல?”

“முப்பத்திரெண்டு வருஷம்டா. கால் வலிக்குதுன்னு வந்து நின்ன பொண்ணு ஒருத்தியைக்கூட நான் நம்பினதில்ல. நடிக்காதே, இன்னொரு சுத்து ஓடுன்னு எல்லாரையும் வெரட்டியிருக்கேன். அழுதுகிட்டே ஓடியிருக்காளுங்க. இப்ப நான் எந்த மூஞ்சியோட போய் யார்கிட்ட சொல்றது?”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம் அண்ணி.”

“உன்கிட்டயா? நான் எப்ப கிளம்புவேன்னு நாளை எண்ணிக்கிட்டு இருந்தவகிட்டயா?”

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஐந்து வாரம் என் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் நடமாடிய ஆளைப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

“ரொம்ப வலிக்குதா?” என்று மட்டும் கேட்டேன்.

“வலிக்குது” என்றார். முப்பத்திரண்டு வருடமாக மற்றவர்கள் சொல்லிக் கேட்ட வார்த்தையை அவர் அப்போதுதான் சொல்லிப் பார்க்கிறார் போலிருந்தது. “வலது தோளும் வலிக்குது.”

“தோள் வலிக்காம என்ன செய்யும்? அந்தக் கம்பு உங்களுக்கு மேல ஒரு முழம் நீளம். கையைத் தூக்கிப் பிடிச்சே அஞ்சு வாரம் நடந்திருக்கீங்க” என்றேன். இவரைப் பார்த்து, “ஏங்க, அந்த ரம்பத்தை எடுத்துட்டு வாங்க. கம்பையும் கொண்டாங்க” என்றேன்.

இவர் இரண்டையும் கொண்டு வந்தார். நாத்தனாரை என் நாற்காலிக்குள் நிமிர்ந்து நிற்க வைத்து, ஒரு கையைத் தொங்கவிடச் சொன்னேன். கதவு நிலையை விடாமல் எட்டி, குஞ்சம் மேலே இருக்க, கம்பை அவர் பக்கத்தில் ஊன்றிப் பிடித்து, அவர் மணிக்கட்டு வந்த இடத்தில் கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறல் போட்டேன். குஞ்சத்துக்கு வெகு கீழே இருந்தது அந்தக் கீறல். இவர் கம்பை முழங்காலில் வைத்துக்கொண்டு, ரம்பத்தைக் கீறலில் பொருத்திவிட்டு நிமிர்ந்தார்.

“இங்க அறுத்தா இது அப்புறம் ஒட்டடைக்கு ஆகாதேக்கா” என்றார்.

நாத்தனார் தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“தெரியும்டா. நீ அறு.”